மாவியா, பஹாமாஸா, வேகஸா, சார்ல்ஸ்டனா: நவம்பர் கூடைப்பந்துக்கு எங்கே போகலாம்?

ஓவர்டைமில் இன்னும் 40 வினாடிதான் பாக்கி. ரீபவுண்டுக்குத் தாவிய கனெக்டிகட் பல்கலைக்கழக வீரர்மேல் நடுவர் ஃபௌல் கொடுத்ததும், கோச் டான் ஹர்லி பெஞ்சுக்கு முன்னாலேயே மல்லாக்க விழுந்தார். அதற்கு ஒரு டெக்னிக்கல் ஃபௌல் கூடுதலாக வந்தது. மெம்ஃபிஸின் பி.ஜே. கார்ட்டர் கோட்டில் நின்று நான்கு ஃப்ரீ த்ரோவையும் ஒன்றுவிடாமல் போட்டார். மெம்ஃபிஸ் 99, கனெக்டிகட் 97. அது 2024 நவம்பர் 25. அதற்கு முந்தைய இரண்டு சீசனிலும் தேசியப் பட்டம் வென்ற அணி கனெக்டிகட். மறுநாள் கொலராடோவிடம் ஒரே புள்ளியில் தோற்றது, அதற்கடுத்த நாள் டேட்டனிடம் 18 புள்ளியில். மூன்று நாளில் மூன்று தோல்வி. இத்தனையும் நடந்த, ஹவாயின் மாவி தீவில் இருக்கும் லஹைனா சிவிக் சென்டரில் மொத்தமே 2,400 பேர்தான் உட்கார முடியும்.

முந்தின நாள்தான் நானும் மகளும் சார்ல்ஸ்டனில் ஒரு டோர்னமென்ட் பார்த்துவிட்டு வந்திருந்தோம். டிவியில் ஹர்லி விழுந்ததைப் பார்த்ததும் அவள் கேட்டாள்: "அம்மா, அடுத்த வருஷம் அங்க போலாமா?" அன்றிலிருந்து இந்தக் கணக்கு எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டே இருக்கிறது. தேங்க்ஸ்கிவிங் லீவு நான்கு நாள், ஆண்டுக்கு ஒரு பயணத்துக்கான பணம். எங்கே போவது? அமெரிக்காவில் இருக்கும் நம்மவர் பலர் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். பிள்ளைகள் பள்ளி அணியில் ஆடத் தொடங்கியதும் வீட்டுக்குள் கூடைப்பந்து வந்துவிடுகிறது.

புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. கல்லூரி சீசன் நவம்பர் முதல் வாரத்தில் தொடங்குகிறது. தேங்க்ஸ்கிவிங்கை ஒட்டிய நாட்களில் நாட்டின் வெவ்வேறு மூலைகளிலிருந்து அணிகள் ஒரு பொது இடத்தில் கூடி ஆடும். பழைய வடிவம் எட்டு அணி, மூன்று நாள், ஆளுக்கு மூன்று ஆட்டம். முதல் நாள் தோற்றாலும் வீட்டுக்குப் போக முடியாது, தோற்றவர்களோடு ஆடித்தான் ஆக வேண்டும். இந்த வழக்கம் ஒரு விதியிலிருந்து பிறந்தது. ஆண்டுக்கு இத்தனை ஆட்டம்தான் ஆடலாம் என்று கல்லூரிகளுக்கு ஒரு வரம்பு உண்டு. ஒட்டியிருக்கும் 48 மாநிலங்களுக்கு வெளியே ஆடும் ஆட்டங்கள் அந்த வரம்பில் சேராது என்று ஒரு காலத்தில் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 1978-இல் அலாஸ்காவின் ஆங்கரேஜில் ஒரு டோர்னமென்ட் தொடங்கினார்கள். நவம்பர் பனியில் பெரிய பெரிய கல்லூரிகள் அங்கே பறந்துபோய் ஆடின. கிரேட் அலாஸ்கா ஷூட்அவுட் என்ற அந்த ஆண்கள் டோர்னமென்ட் 2017-ஓடு நின்றது. அது காட்டிய வழியில்தான் ஹவாயும் பஹாமாஸும் வந்தன.

நவம்பர் ஆட்டம்தானே என்று அலட்சியமாக நினைக்க வேண்டாம். மார்ச் மாதத் தேசியப் போட்டிக்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு, பொது மைதானத்தில் முதல் 50 தரவரிசைக்குள் உள்ள அணியை வென்றால் அதை 'குவாட் 1' வெற்றி என்று உயர்த்தி வைக்கிறது. மாவியில் மூன்றும் தோற்ற கனெக்டிகட்டுக்கு 2025 மார்ச்சில் கிடைத்தது எட்டாம் சீட் (போட்டிக்கு முன் குழு தரும் தர வரிசை இடம், எண் குறைந்தால் பலமான அணி). அதனால் இரண்டாம் சுற்றிலேயே முதல் சீட் ஃப்ளோரிடாவிடம் மாட்டி 77–75 என்று வெளியேறியது. அதே மாவியில் பட்டம் வென்ற ஆபர்ன், மொத்தப் போட்டிக்கும் முதல் சீட்டாகப் போய் இறுதி நால்வரில் நின்றது.

மாவியிலிருந்தே தொடங்குகிறேன். என் மனம் அங்கேதான் இருக்கிறது, அதை மறைத்துப் பயனில்லை.

1982 டிசம்பர் 23. நாட்டின் முதல் நிலை அணியான வர்ஜீனியா, டோக்கியோவில் ஆடிவிட்டு ஊர் திரும்பும் வழியில் ஹொனலுலுவில் இறங்கியது. அணியில் ஏழடி நான்கங்குல ரால்ஃப் சாம்ப்சன். எதிரே சாமினாட், சில நூறு மாணவர்களே படித்த சின்னக் கத்தோலிக்கக் கல்லூரி, பெரிய பிரிவில்கூட இல்லாத அணி. சாமினாட் 77–72 என்று வென்றது. அந்த ஒரு வெற்றியின் வேரில்தான் 1984-இல் மாவி டோர்னமென்ட் முளைத்தது. இன்றும் விருந்தளிக்கும் கல்லூரி சாமினாட்தான். இப்போது ஓராண்டு விட்டு ஓராண்டுதான் அவர்களே ஆடுகிறார்கள். பெரும்பாலும் தோற்பார்கள். ஆனால் 2012-இல் டெக்ஸஸையும் 2017-இல் கலிஃபோர்னியாவையும் வீழ்த்தியிருக்கிறார்கள். அந்தச் சின்னக் கூடத்துக்குள் பெரிய அணியின் பெயரும் பட்ஜெட்டும் கைகொடுப்பதில்லை. 2018 ஃபைனலில் ஸயன் வில்லியம்சன் ஆடிய டியூக்கை கன்சாகா 89–87 என்று வென்றபோதும் இப்படித்தான். அதுவரை டியூக் மாவியில் ஒரு ஆட்டம்கூடத் தோற்றதில்லை.

லஹைனாவுக்கு நம்மோடு ஒரு சொந்தமும் உண்டு. ஊர் நடுவில் நிற்கும் ஆலமரம் இந்தியாவிலிருந்து கொண்டுவந்து 1873-இல் நட்டது. நட்டபோது எட்டடிக் கன்று. விழுது விட்டு விழுது விட்டு அரை ஏக்கருக்கும் மேல் படர்ந்துவிட்டது. 2023 ஆகஸ்ட் 8-இல் வந்த காட்டுத்தீ ஊரையே தின்றது. நூறு பேருக்கு மேல் மாண்டார்கள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. ஆலமரமும் கருகியது. சில வாரத்தில் கருகிய கிளையில் பச்சைத் துளிர் தெரிந்த படத்தைப் பார்த்து நான் அழுதேன். ஊருக்குக் கொஞ்சம் வடக்கே இருக்கும் சிவிக் சென்டர் தப்பியது. அந்த ஆண்டு டோர்னமென்டை ஹொனலுலுவுக்கு மாற்றினார்கள், 2024-இல் லஹைனாவுக்கே திரும்பியது. போவதென்றால் இந்த ஊர் இன்னும் துக்கத்திலிருந்து எழுந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்போடு போக வேண்டும். ஊர்க்காரர் நடத்தும் கடையில் சாப்பிட்டு, அங்கேயே செலவழிப்பது நல்லது.

இனி கைப்பணம். கலிஃபோர்னியாவிலிருந்தே ஐந்து மணி நேரத்துக்கு மேல் விமானம். கிழக்குக் கரையிலிருந்து போக ஒரு முழு நாள், வர ஒரு முழு நாள். ஆட்டம் திங்கள், செவ்வாய், புதன். அதாவது லீவு தொடங்குமுன்பே முடிந்துவிடும், பிள்ளைக்குப் பள்ளிக்கு லீவு சொல்ல வேண்டும். கூடம் சின்னது என்பதால் டிக்கெட்டும் சீக்கிரம் தீரும். இன்னொரு வருத்தமும் இருக்கிறது, அதை வேகஸைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

பஹாமாஸின் பாரடைஸ் தீவில் நடக்கும் பேட்டில் ஃபோர் அட்லாண்டிஸ் 2011-இல் தொடங்கியது. அட்லாண்டிஸ் ரிசார்ட்டின் பால்ரூமுக்குள் பலகைத் தளம் விரித்துக் கோர்ட் போடுகிறார்கள். கோர்ட்டின் மேல் மட்டும் வெளிச்சம், சுற்றிலும் இருட்டு. டிவியில் பார்ப்பவர்களுக்கே நாடக மேடை போலத் தெரியும். புதன், வியாழன், வெள்ளி என்று ஆடுவதால் லீவுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்துகிறது. வரலாறும் சும்மா இல்லை. 2017-இல் நாட்டின் இரண்டாம் நிலை அணியாக அரிசோனா வந்தது. அதன் நட்சத்திரம் டிஆண்ட்ரே ஐட்டன் அந்த மண்ணின் மைந்தன், தலைநகர் நஸ்ஸாவில் பிறந்தவன். சொந்த ஊர்க்காரர் முன்னால் மூன்று ஆட்டமும் தோற்று எட்டாவது இடத்தோடு திரும்பினான். அடுத்த ஜூனில் என்பிஏ டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்டதும் அவன்தான். மறு ஆண்டு, 2018-இல், அங்கே பட்டம் வென்றது வர்ஜீனியா. அதே மார்ச்சில் பதினாறாம் சீட் அணியிடம் தோற்று நாடே பேசும்படி அவமானப்பட்டிருந்த அணி அது. அட்லாண்டிஸில் எழுந்து நின்று, 2019 ஏப்ரலில் தேசியப் பட்டத்தையே எடுத்தது.

ஆனால் பஹாமாஸ் வேறு நாடு. எச்-1பி-யில் இருப்பவர்கள் இந்த வரியைக் கவனமாகப் படியுங்கள். பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்ப் காலாவதியாகி, கையில் ஐ-797 ஒப்புதல் நோட்டீஸ் மட்டும் இருந்தால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். கனடா, மெக்சிகோவுக்குச் சில நாள் போய்வரக் கிடைக்கும் சலுகை எச்-1பி-காரர்களுக்கு அங்கே இல்லை. ஸ்டாம்ப் செல்லுபடியாக இருந்தாலும் பஹாமாஸ் நுழைவுக்கு என்ன கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டே டிக்கெட் எடுங்கள். ஒரு கூடைப்பந்து ஆட்டத்துக்காக வேலையைப் பணயம் வைக்க முடியாது. தீவுதான் வேண்டும், பாஸ்போர்ட் தொல்லை வேண்டாம் என்றால், அமெரிக்க வர்ஜின் தீவுகளின் செயின்ட் தாமஸில் 2000 முதல் நடக்கும் பாரடைஸ் ஜாம் இருக்கிறது. அமெரிக்க மண்தான், ஆனாலும் திரும்பும்போது விமான நிலையத்தில் குடிவரவுச் சோதனை உண்டு, காகிதங்களை எடுத்துப்போங்கள். அணிகள் நடுத்தரம், கடல் முதல்தரம்.

லாஸ் வேகஸின் பிளேயர்ஸ் எராவைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். இன்று களத்தையே மாற்றிக்கொண்டிருப்பது அதுதான். மாணவ விளையாட்டு வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று 2021 ஜூலையில் கதவு திறந்தது. அந்தக் கதவு வழியாக 2024-இல் வந்தது இந்த டோர்னமென்ட். வரும் அணி ஒவ்வொன்றின் வீரர்களுக்கும் பத்து லட்சம் டாலர் அளவுக்கு வருமான வாய்ப்பு, ஜெயிப்பவர்களுக்கு அதற்கு மேலும். முதல் ஆண்டு எட்டு அணி, ஃபைனலில் ஆரெகன் 83–81 என்று அலபாமாவை வென்றது. 2025-இல் பதினெட்டு அணி. ஹூஸ்டன், கன்சஸ், கன்சாகா, மிஷிகன், டென்னசி, அலபாமா, ஆபர்ன் என்று ஒரே கூரைக்கு அடியில் இத்தனை பெரிய பெயர்களை நவம்பரில் நான் பார்த்ததில்லை.

வீரர்களுக்குப் பணம் போவதில் எனக்கு மகிழ்ச்சிதான். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்கள் வியர்வை சிந்த, பெரியவர்கள் பல்லாண்டு சம்பாதித்தார்கள். அது மாறியது நியாயம். என் மனத்தாங்கல் ஆட்டத்தின் வடிவத்தில். பதினெட்டு அணிக்கு மூன்று நாளில் பிராக்கெட் (வென்றவர் வென்றவரோடும் தோற்றவர் தோற்றவரோடும் மோதும் அட்டவணை) போட முடியாது. 2025-இல் முதலில் ஆளுக்கு இரண்டு ஆட்டம், அதில் இரண்டையும் வென்ற அணிகள் பல இருந்ததால் புள்ளி வித்தியாசம் பார்த்து இரண்டு அணியை ஃபைனலுக்கு அனுப்பினார்கள். செமி ஃபைனல் என்ற ஒன்றே இருக்கவில்லை. டென்னசி ஹூஸ்டனை 76–73 என்று திணறித் திணறி வென்றது, ஐயோவா ஸ்டேட் செயின்ட் ஜான்ஸை 83–82 என்று வென்றது. இரண்டுமே உயிரைப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டிய ஆட்டங்கள். அவற்றை வென்றவர்களுக்கு ஃபைனல் இல்லை. மிஷிகன் சான் டியாகோ ஸ்டேட்டை 40 புள்ளியிலும் ஆபர்னை 30 புள்ளியிலும் அடித்து ஃபைனலுக்கு வந்து, அங்கே கன்சாகாவை 101–61 என்று நொறுக்கியது. மிஷிகன் ஆட்டம் அற்புதம், சந்தேகமே இல்லை. ஆனால் நெருக்கமான ஆட்டத்தை வென்றவன் வாசலில் நிற்கும் ஒரு ஏற்பாட்டை என் மகளுக்கு விளக்க எனக்குச் சிரமமாக இருந்தது. எம்ஜிஎம் கிராண்ட் போன்ற பெரிய அரங்கில் காலி இருக்கைகள் டிவியிலேயே தெரிந்தன.

மாவியைப் பற்றிச் சொல்லாமல் விட்ட வருத்தம் இதுதான். பெரிய அணிகள் பணம் இருக்கும் பக்கம் போகின்றன. 2025-இல் மாவியில் ஆடிய எட்டில் டியூக், நார்த் கரோலினா, கன்சஸ் யாருமில்லை. யுஎஸ்சி பட்டம் வென்றது. நல்ல அணிதான், ஆனால் பத்தாண்டுக்கு முன் மாவி என்றால் வேறு பட்டியல் இருந்திருக்கும். பெயர்களுக்காகப் போகிறவர்கள் இன்று வேகஸுக்கே போக வேண்டும். விமானம் எந்த ஊரிலிருந்தும் உண்டு, ஒரே நாளில் நான்கைந்து ஆட்டம் பார்க்கலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்குச் சூதாட்டக்கூடத்தைக் கடந்துதான் அரங்குக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது சார்ல்ஸ்டன். எங்கள் வீடு ஷார்லெட்டில். காரை எடுத்தால் மூன்றரை மணி நேரம், அட்லாண்டாக்காரர்களுக்கு ஐந்து. டோர்னமென்ட் தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின வார இறுதியில் நடப்பதால் விமான டிக்கெட்டும் ஹோட்டலும் எகிறியிருக்காது. சார்ல்ஸ்டன் கல்லூரியின் டிடி அரீனா ஊருக்கு நடுவில், 5,100 இருக்கை. ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் கிங் தெருவுக்கு நடந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம்.

2024-இல் நாங்கள் பார்த்தது டிரேக் என்ற அணியை. ஐயோவா மாநிலத்தின் டி மாய்னில் இருக்கும் சின்னப் பல்கலைக்கழகம். அதன் புதிய கோச் பென் மெக்காலம், இரண்டாம் பிரிவில் நார்த்வெஸ்ட் மிசூரி ஸ்டேட்டுக்கு நான்கு தேசியப் பட்டம் வாங்கிக்கொடுத்தவர். அங்கிருந்து நான்கு பையன்களைக் கூடவே கூட்டிவந்திருந்தார். 'இரண்டாம் பிரிவுப் பையன்கள் பெரிய பிரிவில் என்ன செய்வார்கள்?' என்று எனக்குப் பின்வரிசையில் இருந்தவர் தன் நண்பரிடம் கேட்டது காதில் விழுந்தது. பந்து கிடைத்தபின் ஷாட் போட ஷாட் கிளாக்கில் 30 வினாடி இருக்கிறது அல்லவா, டிரேக் அதில் ஏறத்தாழ எல்லாவற்றையும் செலவழிக்கும். பந்து பென்னட் ஸ்டர்ட்ஸ் கையில். முதல் ஸ்கிரீன் (சக வீரன் குறுக்கே நின்று எதிரணிக்காரனை மறிப்பது), பலனில்லை. பந்து வெளியே வந்து திரும்ப அவனிடம். இரண்டாவது ஸ்கிரீன். கிளாக்கில் எட்டு, ஏழு. எதிரணி வீரனின் இடது கால் அரையடி தவறிய நொடியில் உள்ளே நுழைந்துவிடுவான். ஆட்டத்தின் நாற்பது நிமிடமும் அவனை வெளியே எடுக்கவே இல்லை. அந்த சீசன் முழுக்கவே அவன் ஏறக்குறைய உட்காரவில்லை. நாங்கள் நான்காம் வரிசையில் இருந்ததால் மெக்காலம் சொன்ன ஒவ்வொரு சொல்லும் கேட்டது. என் மகள் பள்ளி அணியில் பாயின்ட் கார்டு, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவள். எப்போதும் பந்து கிடைத்ததும் ஓடுகிறவள், பாதி ஆட்டத்தில் என் கையைப் பிடித்து, "அவன் அவசரப்படவே இல்லம்மா" என்றாள். ஞாயிறு ஃபைனலில் டிரேக் வாண்டர்பில்ட்டை 81–70 என்று வென்றது. அடுத்த மார்ச்சில் அதே பதினோராம் சீட் டிரேக், தேசியப் போட்டியில் மிசூரியை வெளியேற்றியபோது எங்கள் வீட்டில் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார்.

இதுவும் குறையில்லாதது அல்ல. 2025-இல் எட்டு அணியை நான்கு நான்காகப் பிரித்து இரண்டு தனி பிராக்கெட் ஆக்கிவிட்டார்கள். ஆளுக்கு இரண்டே ஆட்டம். மூன்றாம் நாள் களைப்பில் ஒரு அணி எப்படி நிற்கிறது என்று பார்க்கும் சுவை போய்விடுகிறது. அந்த மூன்றாம் ஆட்டத்தில்தான் பெஞ்சில் இருக்கும் ஒன்பதாவது, பத்தாவது ஆள் யார் என்று தெரியும்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஆர்லாண்டோ பக்கம் டிஸ்னி வளாகத்துக்குள்ளேயே நடக்கும் ஈஎஸ்பிஎன் இன்விடேஷனல் வசதி. ஒரு நாள் ஆட்டம், ஒரு நாள் டிஸ்னி என்று எல்லோரையும் சமாதானப்படுத்தலாம். கூடைப்பந்துக்காகவே போகிறவர்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன். நவம்பரில் லீவே கிடைக்காதவர்கள் கிறிஸ்துமஸை ஒட்டி ஹொனலுலுவில் 2009 முதல் நடக்கும் டைமண்ட் ஹெட் கிளாசிக்கைப் பார்க்கலாம். எட்டு அணி, மூன்று ஆட்டம் என்ற பழைய வடிவம் அங்கே நிலைத்துவந்திருக்கிறது.

ஆக, என் தேர்வு இப்படி. பெயர்களை டிவி காட்டிவிடும். மிஷிகனையும் கன்சஸையும் சோபாவில் இருந்தே நன்றாகப் பார்க்கலாம், வேகஸ் எனக்கு டிவி டோர்னமென்ட். காசு கொடுத்து நேரில் போவதென்றால் கோச்சின் குரல் கேட்கும் கூடமும், தோற்றவனும் மறுநாள் வந்து ஆடியாக வேண்டிய பிராக்கெட்டும் வேண்டும். இரண்டும் சேர்ந்து இருப்பது மாவியிலும் அட்லாண்டிஸிலும். ஸ்டாம்ப் சரியாக இருந்து, நான்கு நாளுக்கு மேல் லீவு கிடைக்காது என்றால் அட்லாண்டிஸ். ஒரு வாரம் ஒதுக்க முடியும் என்றால், வாழ்நாளில் ஒருமுறையாவது மாவி. கரோலினா, ஜார்ஜியா பக்கம் இருப்பவர்கள் இரண்டே ஆட்டம் என்றாலும் முதலில் சார்ல்ஸ்டனுக்குப் போய்ப் பாருங்கள், இந்தப் பயணம் உங்கள் குடும்பத்துக்குப் பிடிக்கிறதா என்று குறைந்த செலவில் தெரிந்துவிடும்.

எங்கே போனாலும் இரண்டாம் நாள் தோற்றவர்கள் ஆட்டத்தைத் தவறவிடாதீர்கள். கூட்டம் இருக்காது, முன்வரிசைக்கே போய் உட்காரலாம். முந்தின நாள் கடைசி வினாடியில் தோற்ற அணி எப்படி வார்ம்அப் செய்கிறது, யார் யாரிடம் பேசுகிறார்கள், யார் தனியாக ஃப்ரீ த்ரோ போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அணிப் பட்டியலும் பிராக்கெட்டும் கோடையிலேயே வெளிவந்துவிடும். அவற்றைப் பார்த்தபின் ஹோட்டல் போட்டால் போதும், ஆனால் மாவிக்கு மட்டும் அதற்கும் முன்பே எழ வேண்டும்.

இந்த நவம்பரில் நாங்கள் மறுபடி சார்ல்ஸ்டன்தான். மகள் பத்தாம் வகுப்பு முடிக்கும் ஆண்டு லஹைனா. அந்த 2,400 இருக்கையில் மூன்றுக்காகத் தனிக் கணக்கு ஒன்று தொடங்கி மாதாமாதம் போட்டுவருகிறோம். போன மாதம் அவள் தன் பிறந்தநாள் பணத்திலிருந்து இருபது டாலர் கொண்டுவந்து கொடுத்தாள்.